டொராண்டோ புல்வெட்டியும் செம்பியம் டிராக்டரும்

டொராண்டோ பக்கம் படிக்க வந்த நம்மாளுங்க யாரா இருந்தாலும் முதல் ஒரு வருஷத்துக்குள்ள 'மேஸி'ங்கிற பேரை நாலு தடவையாவது கேட்டிருப்பாங்க. கச்சேரி நடக்கிற மேஸி ஹால், 1894ல திறந்தது. எங்க பல்கலைக்கழகத்தோட செயின்ட் ஜார்ஜ் வளாகத்துல கோட்டை மாதிரி நிக்கிற ஹார்ட் ஹவுஸ், 1919. அதே வளாகத்துல மேஸி கல்லூரி, 1963. கனடாவிலேயே பிறந்து கனடாவுக்கு கவர்னர் ஜெனரல் ஆன முதல் ஆள் வின்சென்ட் மேஸி. இவ்வளவும் யார் காசு? எண்ணெய்க் கிணறு இல்ல, வங்கி இல்ல, ரயிலும் இல்ல. புல்லையும் கதிரையும் அறுக்கிற மெஷின் வித்த காசு. ஹார்ட் ஹவுஸ் சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்து சூப் குடிக்கிறப்போ எனக்கு அரிவாள் ஞாபகம் வருதுன்னா தப்பு என் மேல இல்ல :-)

இந்தப் பதிவு அந்தப் புல்வெட்டியைப் பத்தினது. வீட்டுத் தோட்டத்துல சனிக்கிழமை காலைல தள்ளிக்கிட்டுப் போய் பக்கத்து வீட்டுக்காரன் தூக்கத்தைக் கெடுப்பாங்களே, அது இல்லை. வயல்ல மாட்டுத் தீவனத்துக்குப் புல் அறுக்கிற மெஷின்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். இங்க 'ஹே'ன்னு சொல்றது நம்ம வைக்கோல் இல்லை. வைக்கோல்ங்கிறது நெல்லை எடுத்தப்புறம் மிச்சமாகிற தாள். ஹேங்கிறது புல்லுக்குன்னே விளைய வெச்சு, பச்சையா சத்தோட இருக்கிறப்பவே அறுத்து, வயல்லயே மூணு நாலு நாள் வெயில்ல காயப்போட்டு, கட்டிப் பரண்ல ஏத்துறது. உலர்புல்னு வெச்சுக்குவோம். நமக்கு ஏன் இந்தப் பழக்கம் இல்லைன்னா நமக்குக் குளிர்காலம் இல்லை. இங்க நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மாடு குதிரை எதுவும் மேய முடியாது. ஜூன் மாசம் நல்ல வெயில் அடிக்கிற சில நாள்ல அந்த அஞ்சாறு மாசச் சாப்பாட்டையும் அறுத்து முடிச்சாகணும். அறுத்துப் போட்ட புல் மேல மழை பெஞ்சா சத்து போச்சு. ஈரத்தோட கட்டி அடுக்கினா உள்ளுக்குள்ள புளிச்சு சூடேறி, பரணே தீப்பிடிச்சுக்கும். நிஜமாவே பிடிக்கும்.

ஆக, இங்க எவ்வளவு வேகமா அறுக்க முடியுதுங்கிறதுதான் எத்தனை மாடு வெச்சுக்கலாங்கிறதை முடிவு பண்ணிச்சு. நீளக் கைப்பிடி போட்ட வீச்சரிவாளால ஒரு ஆள் நாள் முழுக்க வீசினா சுமார் ஒரு ஏக்கர். ஒண்டாரியோவுல நிலத்தை அளந்து குடுத்ததே 100 ஏக்கர், 200 ஏக்கர் துண்டாத்தான். இப்போ மிசிசாகாவுல ஒரு மைல் ரெண்டு மைல் நேரா ஓடுற பெரிய வீதிகள் எல்லாம் அந்தப் பண்ணைத் துண்டுகளுக்கு நடுவுல விட்ட வழிகள்தான். ஹுரொண்டாரியோ வீதில போனா நடு ஊர்ல திடீர்னு ஒரு பண்ணை வரும். பிரிட்டானியா பண்ணை. 1833ல நாலாம் வில்லியம் மன்னர் பள்ளிக்கூடச் செலவுக்காக எழுதிக் குடுத்த 200 ஏக்கர். ஒரு பண்ணைத் துண்டு எவ்வளவு பெருசுன்னு கண்ணால பாக்கணும்னா அங்க போய் நின்னு பாருங்க. 'மெடோவேல்'னு ஒரு பகுதியே இருக்கு, பேர்லயே புல்வெளி. இந்த ஊருக்கு மிசிசாகான்னு பேர் வந்ததே 1968லதான், நகரமானது 1974ல. அதுக்கு முன்னாடி இது டொராண்டோ டவுன்ஷிப்ங்கிற விவசாய நாடு.

நிலம் நிறைய, ஆள் கிடையாது. வந்த ஆளும் ரெண்டு வருஷம் கூலிக்கு நின்னுட்டு சொந்தமா நிலம் வாங்கிட்டுப் போயிடுவான். இந்த நெருக்கடிதான் மெஷினுக்கு வழி விட்டது.

கதிர் அறுக்கிற மெஷின் முதல்ல வந்துச்சு. அமெரிக்காவுல ஒபெட் ஹஸ்ஸி 1833லயும் மெக்கார்மிக் 1834லயும் காப்புரிமை வாங்கினாங்க. அதோட உயிர் ஒரு நீளமான கம்பி. அதுமேல முக்கோணம் முக்கோணமா பிளேடு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஓடும். கீழ சீப்புப் பல் மாதிரி விரல்கள் அசையாம நிக்கும். நம்ம சலூன்ல பின்கழுத்துல ஓட்டுவாரே முடிவெட்டுற மெஷின், அதே சங்கதி. ஆனா கதிர் விறைப்பா நிக்கும், புல் மெல்லிசா, அடர்த்தியா, ஈரமா இருக்கும். ரெண்டுக்கும் ஒரே மெஷின் சரிப்படலை. புல்லுக்குன்னே தனியா ஒண்ணு பண்ணி 1847ல காப்புரிமை எடுத்தவர் வில்லியம் கெட்சம். ஊர் பஃபலோ. எங்க ஊர்லேர்ந்து நயாகரா பார்க்கப் போறப்போ எல்லையைத் தாண்டினா வருமே, அதே பஃபலோ. இந்த ஊரை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

அதே 1847ல டேனியல் மேஸிங்கிற விவசாயி, டொராண்டோவுக்குக் கிழக்கே நியூகாஸில் பக்கம் ஒரு சின்ன வார்ப்புப் பட்டறை ஆரம்பிச்சார். அவர் பையன் ஹார்ட் மேஸி 1851ல வந்து சேர்ந்தார். வந்ததும் செஞ்ச காரியம் ஏரியைத் தாண்டி நியூயார்க் மாநிலத்துக்குப் போனது. கெட்சமோட புல்வெட்டியை இங்க செய்யறதுக்கு உரிமை வாங்கிட்டு வந்தார். அப்புறம் மேனின்னு ஒருத்தரோட, புல்லும் கதிரும் ரெண்டும் அறுக்கிற மெஷின். அப்புறம் வுட்ங்கிறவரோடது. கவனிச்சீங்களா, மேஸி குடும்பம் எதையும் புதுசா கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சதுல எது இந்த ஊர் வயலுக்கும் இந்த ஊர் குதிரைக்கும் பொருந்தும்னு பார்த்துப் பொறுக்கினாங்க. என்னைக் கேட்டா அந்தக் கம்பெனியோட மூளையே இதுதான். கண்டுபிடிச்சவங்க பேரை இப்போ யாருக்குத் தெரியும்? பொறுக்கினவங்க பேர்ல மண்டபம் இருக்கு.

ரெண்டு குதிரை இழுக்கும். அஞ்சடி அகலத்துக்கு அறுக்கும். மெஷின்ல இன்ஜினே கிடையாது. சக்கரம் தரையில உருள்றதுதான் பிளேடை ஓட்டுற சக்தி. குதிரை நின்னா பிளேடும் நிக்கும். ஒரு நாளைக்குப் பத்து ஏக்கர் சாதாரணமா முடியும். வீச்சரிவாள் ஆள் பத்து பேர் வேலை! மூணாவது குதிரை வேணும்னா விவசாயி வாங்க மாட்டான், ஏன்னா அந்த மூணாவது குதிரையும் குளிர்காலம் முழுக்க உக்காந்து சாப்பிடும். அதனால 'இலகு'ங்கிற வார்த்தையை வெச்சே அவங்க கடையை நடத்தினாங்க, அவங்க கதிர்கட்டும் மெஷினுக்குப் பேரே 'டொராண்டோ லைட் பைண்டர்'. புல்வெட்டிக்கு 'டொராண்டோ மோவர்'.

1879ல ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்துச்சு. பட்டறை டொராண்டோ கிங் வீதிக்கு இடம் மாறிச்சு. அரசாங்கம் 'தேசியக் கொள்கை'ன்னு சொல்லி வெளிநாட்டு விவசாயக் கருவிக்கு 25 சதவீதம் வரி போட்டுச்சு. 1883ல அது 35 ஆச்சு. அமெரிக்க மெஷின் விலை ஏறிப்போச்சு, மேஸிக்குக் கொண்டாட்டம். மேற்குப் பக்கம் கோதுமை விளைக்கிற விவசாயிங்க இந்த வரியைத் திட்டின திட்டு ரெண்டு தலைமுறைக்கு ஓயலை. 1891ல பிரான்ட்ஃபோர்டுல இருந்த போட்டிக் கம்பெனி ஹாரிஸோட சேர்ந்து மேஸி-ஹாரிஸ் ஆச்சு.

அறுத்த புல் எல்லாம் மாட்டுக்குன்னு நினைச்சுடாதீங்க. டொராண்டோவுல 1861லேர்ந்து தெருவுல டிராம் இழுத்தது குதிரைங்க. மின்சாரம் வந்து கடைசிக் குதிரை டிராம் நின்னது 1894ல. அதுவரைக்கும் உலர்புல்தான் நகரத்தோட பெட்ரோல்.

அடுத்தது டிராக்டர். ஆரம்பத்துல டிராக்டரை இன்னொரு குதிரையாத்தான் பாவிச்சாங்க. பின்னாடி கொக்கி போட்டு அதே பழைய கருவியை இழுக்க விட்டாங்க. இதை மாத்தினவர் ஹாரி ஃபெர்குசன்ங்கிற ஐரிஷ்காரர். கருவியை மூணு புள்ளியில டிராக்டரோட சேர்த்துக் கட்டி ஹைட்ராலிக்ல தூக்கி இறக்கினார். கருவியோட பாரமும் இழுவையும் டிராக்டரோட சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும், அதனால சின்ன டிராக்டரே பெரிய வேலை செய்யும். 1946லேர்ந்து 1956 வரைக்கும் அவரோட சாம்பல் கலர் டி.இ.20 டிராக்டர் அஞ்சு லட்சத்துக்கு மேல வந்துச்சு. அதுக்குப் பின்னாடி மாட்டுற புல்வெட்டியும் அதே சீப்புக் கம்பிதான், ஆனா இப்போ ஓட்டுறது சக்கரம் இல்லை, பி.டி.ஓ. டிராக்டர் நின்னாலும் பிளேடு ஓடும். பெரிய மாற்றம். பெரிய ஆபத்தும் அதுதான்.

1953ல மேஸி-ஹாரிஸ் ஃபெர்குசனை வாங்கிச்சு. விலை 1.7 கோடி டாலரா 1.6 கோடியான்னு இழுபறியாகி, கடைசியில காசு சுண்டிப் பார்த்தாங்க. பத்து லட்சம் டாலர் சுண்டல்! ஃபெர்குசன் தோத்தார். 1958ல பேர் மேஸி ஃபெர்குசன்னு ஆச்சு. அந்தக் கூட்டணிக்கு ஊர் ஊரா பேர் வாங்கிக் குடுத்தது சிவப்புக் கலர் 35.

இப்போ நடைமுறைக்கு வரேன். என் கூடப் படிக்கிற நண்பனோட அப்பா, கிளிநொச்சிக்காரர், முப்பது வருஷமா மிசிசாகாவுல இருக்கார். கேலிடன் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் வாங்கி, கொஞ்சம் ஆடு விட்டிருக்கார். கூடவே ஒரு பழைய மேஸி 35. ஏன் அங்கிள் இவ்வளவு பழசுன்னு கேட்டேன். "தம்பி, வன்னியில நான் முதல் ஏறின உழவு இயந்திரம் உந்த மெசிதான். மற்றதெல்லாம் எனக்குக் கண்ணில பிடிக்காது" அப்படின்னார். அதுக்குமேல என்ன பேச முடியும்! இங்க பண்ணைன்னு பதிவு பண்ணி நிலவரியைக் குறைக்கணும்னா விவசாயத்துல வருஷம் 7,000 டாலராவது வரவு காட்டணும். பண்ணை வகுப்புக்கு வரி விகிதம் வீட்டு வரியில கால்வாசிதான். அதனால ஆட்டுக்குப் போக மிச்சப் புல்லைக் குதிரைக்காரங்களுக்கு விக்கணும். "எந்த மெசின் எண்டு நீரே பாத்துச் சொல்லும், எஞ்சினியர்தானே" ன்னு பொறுப்பை என் தலையில கட்டிட்டார். கடையில காட்டினது ரெண்டு. ஏழடி சீப்புக் கம்பி, பழசு. இல்லைன்னா ஆறடி டிஸ்க் மோவர், பளபளன்னு.

ரெண்டுக்கும் வித்தியாசம் வெட்டுற விதத்துலயே இருக்கு. சீப்புக் கம்பி கத்தரிக்கோல். விரலும் பிளேடும் நடுவுல புல்லைப் பிடிச்சு நறுக்கும், அதனால வேகம் வேண்டாம். பிளேடோட சராசரி வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூட வராது. 1960கள்ல ஐரோப்பாவுலேர்ந்து வந்த டிரம், டிஸ்க் மோவர்ல பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லை. சும்மா நிக்கிற புல்லைப் பிளேடு அடிச்சே அறுக்கணும். குச்சியை மெதுவா ஆட்டினா செடி சாயும், சுழட்டி வீசினா தலை போகும்ல, அதேதான். பிளேடு முனை மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல சுத்தும். அந்த வேகத்துக்கு விலை உண்டு. சீப்புக் கம்பிக்கு மீட்டர் அகலத்துக்கு சுமார் 1.2 கிலோவாட் போதும், டிஸ்க்குக்கு சுமார் 5. நாலு மடங்கு.

35க்கு பி.டி.ஓ.வுல புதுசா இருந்தப்போ சுமார் 33 குதிரைத்திறன். கணக்குப் போட்டா ஆறடி டிஸ்க்குக்கு வெட்டுறதுக்கு மட்டும் 12 குதிரைத்திறன் வரும். அப்போ தாராளமா இழுக்குமேன்னு தோணும். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். ஆனா பிரச்சினை சக்தியில இல்லை, பாரத்துல. டிஸ்க் மோவர் சீப்புக் கம்பியை விட நல்ல கனம். அந்தக் கனம் முழுக்க டிராக்டருக்குப் பின்னாடி, அதுவும் வலது பக்கமா தள்ளித் தொங்கும். ஒன்றரை டன் கூட வராத டிராக்டர். தூக்கித் திருப்புறப்போ முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் காத்துல சுத்தும். கேலிடன் சமதரை கிடையாது, மேடும் பள்ளமும். அந்தக் காலத்து 35க்கு உருண்டா ஆளைக் காப்பாத்துற ரோல் பார் கிடையாது.

இன்னொண்ணு, இதை நான் அங்கிள்கிட்ட முதல்லயே கேட்டேன்: கிளட்ச் ஒரு கட்டமா ரெண்டு கட்டமா? 35ல சாதா மாடலும் உண்டு, டீலக்ஸ் மாடலும் உண்டு. டீலக்ஸ்ல கிளட்ச் பாதி அமுக்கினா வண்டி நிக்கும், பி.டி.ஓ. ஓடும். முழுசா அமுக்கினா ரெண்டும் விடும். சாதா மாடல்ல ரெண்டும் ஒரே கிளட்ச். அதுல சுத்துற மோவரை மாட்டினா, கிளட்சை அமுக்கி இன்ஜினைப் பிரிச்சாலும் மோவர் தன் வேகத்துல சுத்திக்கிட்டே பி.டி.ஓ. வழியா கியரைத் தள்ளும். நீங்க நிறுத்த நினைப்பீங்க, வண்டி முன்னால போகும். வேலிக்குப் பத்தடி முன்னாடி இது நடந்தா என்ன ஆகும்? இதுக்குன்னு ஒரு பக்கம் மட்டும் சுத்த விடுற இணைப்பு ஒண்ணு இருக்கு, சைக்கிள் பின்சக்கர ஃப்ரீவீல் மாதிரி, நூறு டாலர் சங்கதி. மாட்டாம ஓட்டவே கூடாது. அங்கிளோடது சாதா மாடல்.

சீப்புக் கம்பி மட்டும் சொக்கத்தங்கமான்னா இல்லை. சாஞ்சு கிடக்கிற ஈரப்புல்லு விரல்கள்ல அடைச்சுக்கும், இறங்கி இறங்கிப் பிடுங்கணும். பிடுங்குறப்போ பி.டி.ஓ.வை நிறுத்தாம கை வெச்சா விரல் இருக்காது; பழைய பண்ணைக்காரங்க கைகளைப் பார்த்தாலே புரியும். ரிவிட் அடிச்ச முக்கோண பிளேடு மழுங்கும், தீட்டணும், ஓட்டுற மரக்கட்டை உடையும். பெரிய பண்ணைக்காரன் இதையெல்லாம் தூக்கிப் போட்டதுல நியாயம் இருக்கு, நூறு ஏக்கரை ரெண்டு நாள்ல முடிக்க டிஸ்க்தான் சரி. ஆனா பன்னிரண்டு ஏக்கர்? ஏழடிக் கம்பி, மணிக்கு நாலு மைல் வேகம், திரும்புற நேரம் எல்லாம் கழிச்சா மணிக்கு ரெண்டரை ஏக்கர். அஞ்சு மணி நேரம். அதையும் ஒரே நாள்ல அறுக்கத் தேவையில்லை, காயவெச்சுக் கட்ட முடியற அளவுக்குத்தானே அறுக்கணும். சீப்புக் கம்பியே வாங்குங்கன்னு சொன்னேன். "பழசுக்குப் பழசு சோடி" ன்னு சிரிச்சார். கூடவே ரெண்டு செட் பிளேடு உபரியா வாங்கச் சொன்னேன், ஒண்ணைத் தீட்டுறப்போ இன்னொண்ணு ஓடும்.

இதே 35 குடும்பம் நம்ம ஊருக்கும் வந்த கதை தெரியுமில்லையா? மேஸி ஃபெர்குசன் 1959ல இங்கிலாந்தோட பெர்கின்ஸ் இன்ஜின் கம்பெனியை வாங்கிச்சு. அந்த பெர்கின்ஸ் இன்ஜினை 1950கள்லயே சென்னையில செஞ்சுக்கிட்டிருந்தது சிம்ப்சன். சிம்ப்சனோட அமால்கமேஷன்ஸ் குழுமம் அனந்தராமகிருஷ்ணன் தலைமையில 1960ல மேஸி ஃபெர்குசனோட சேர்ந்து ஆரம்பிச்சதுதான் டாஃபே. செம்பியத்துலேர்ந்து சிவப்பு டிராக்டர் வெளியில வந்துச்சு. எங்க மன்னார்குடி பக்கம் 'மேஸி 1035' இல்லாத தெருவே கிடையாது. கேஜ் வீல் மாட்டி சேறு கலக்கும், டிரெய்லர் மாட்டி நெல் மூட்டையும் கல்யாண கோஷ்டியும் ஏத்தும்.

ஆனா ஒண்ணு வரலை. புல்வெட்டி வரலை. டொராண்டோக் குடும்பத்துக்கு மாளிகை கட்டின கருவி, டிராக்டரோட கப்பல் ஏறலை. ஏறி என்ன பண்ணும்? நமக்குக் காய்ஞ்ச தீவனம் நெல்லோட இலவசமா வந்துடுது. பச்சைத் தீவனம் தினம் ஒரு கட்டு போதும், அதை அறுக்க அம்மாக்களோட கையும் அரிவாளும் இருந்துச்சு, அந்தக் கைக்கு யாரும் கூலி கணக்குப் போடலை. மெஷின் வராததுக்கு நான் பார்க்கிற பெரிய காரணம் இந்தக் கணக்குப் போடாததுதான். ஒண்டாரியோவுல கூலி ஆள் ஓடிப்போனான், மெஷின் வந்துச்சு. நம்ம வீட்டுல அறுக்கிறவங்க ஓட முடியாது.

இப்போ அங்கேயும் கணக்கு மாறுது. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008ல வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் புல், ஹெக்டேருக்கு வருஷம் 380-400 டன் வரைக்கும் வரும்ங்கிறாங்க. 45 நாளைக்கு ஒரு தடவை அறுக்கணும். ஆள் உயரத்தைத் தாண்டி, கரும்பு மாதிரி தண்டோட நிக்கும். அதை மேஸியோட சீப்புக் கம்பி முன்னாடி விட்டா பல்லு உடைஞ்சிடும், அது மெல்லிய திமோத்திப் புல்லுக்குப் பொறந்தது. முதுகுல மாட்டுற பிரஷ் கட்டர் அறுக்கும், ஆனா அந்த அதிர்வுல ரெண்டு மணி நேரத்துல தோள் போயிடும். நடந்துக்கிட்டே தள்ளுற சின்ன மோட்டார் வெட்டி ஒண்ணு இருக்கு, இத்தாலியில பி.சி.எஸ். கம்பெனி 1943ல ஆரம்பிச்சதே அந்த மாதிரி மெஷினோடதான். அதுக்கு முன்னாடியும் அதே சீப்புக் கம்பிதான். அரை ஏக்கர் கோ-4, ரெண்டு மாடு, இழுக்க டிராக்டர் இல்லை, ஓட்டப் போறது அம்பது வயசு அம்மா. இந்த நாலுக்கும் பொருந்துற மெஷினைப் பொறுக்க நியூகாஸில் பையன் மாதிரி யாராவது கிளம்பணும். எனக்குத் தெரிஞ்சு அங்க கடையில இருக்கிறது எல்லாம் ஆம்பளை உயரத்துக்கு அளவெடுத்த மெஷின்.

டொராண்டோ கதை எங்க போய் முடிஞ்சுச்சுன்னு சொல்லிடறேன். 1970கள் கடைசியில கடன் கழுத்தை நெரிச்சுது. 1986ல பேரை வேரிட்டின்னு மாத்தினாங்க. 1988ல பிரான்ட்ஃபோர்டுல கதிரறுக்கும் மெஷின் செஞ்ச கம்பெனி திவால் ஆச்சு. 1991ல தலைமை அலுவலகம் டொராண்டோவை விட்டுப் போச்சு. எங்கேன்னு நினைக்கிறீங்க? பஃபலோவுக்கு! 1994ல மேஸி ஃபெர்குசனை அமெரிக்காவோட ஏ.ஜி.சி.ஓ. வாங்கிச்சு. அவங்களுக்கும் டாஃபேக்கும் வழக்கு நடந்து, 2025ல சமாதானம் ஆச்சு. இந்தியா, நேபாளம், பூட்டான் மூணு நாட்டுலயும் மேஸி ஃபெர்குசன்ங்கிற பேர் இப்போ சென்னைக்காரங்களுக்குச் சொந்தம்.

பி.கு.: வீச்சரிவாள், புல்வெட்டின்னு நானா ஒப்பேத்தியிருக்கேன். கொங்கு பக்கம், யாழ்ப்பாணம் பக்கம் இதுக்கெல்லாம் வேற நல்ல சொல் புழக்கத்துல இருந்தா சொல்லிட்டுப் போங்க மக்களே. அங்கிள்கிட்ட கேட்டேன், "நாங்கள் மெசின் எண்டுதான் சொல்லுறனாங்கள்" அப்படின்னுட்டார்.